பல்லி சம்மதிக்காத கிரயம்

12-11-1936, வியாழன். பலகை எழுதியதில் என் பிழை ஒன்று. ‘தரகர் உள்ளே வரக் கூடாது’ என்பதைப் பெரிதாக எழுதியதில் ‘வீடு விற்பனைக்கு’ என்பதற்கு இடம் போதவில்லை. அதை அடியில் பொடி எழுத்தில் நுழைத்துவிட்டேன். நான் போகும் சாயங்காலச் சித்திர வகுப்பில் எதையும் அளந்து எழுதத்தான் சொல்லித் தருகிறார்கள். ஆனால் மாமன் சென்னிமலைக் கவுண்டருக்குப் பலகை பிடித்துவிட்டது.

"தரகன் எதுக்குடா? ஊடு நம்முளுது, பேசற வாயும் நம்முளுது!"

வீட்டை விற்று மோட்டார் பஸ் வாங்கி அவிநாசி ரோட்டில் விடுவது அவர் திட்டம். பஸ் சம்பாதித்துப் புது வீடு கட்டும் வரை, கருமத்தம்பட்டியில் பங்காளியின் மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையில் குடியிருப்பு. அத்தை முத்தாத்தாளின் நகையும் கரைந்துதான் இந்த வீடு எழும்பியது. அத்தையிடம் மாமன் யோசனை கேட்டதாக எனக்கு நினைவில்லை.

காலையில் முதலில் வந்தவர் பஞ்சு வியாபாரி திருமலைசாமி நாயுடு. கூடத்தில் உட்கார்ந்து, விலைக்குத் தலையாட்டப் போனார். அடுப்படிப் பக்கமிருந்து ‘ச்சு ச்சு ச்சு’ என்று பல்லி சொன்னது.

நாயுடு எழுந்துகொண்டார். "அக்கினி மூலையில பல்லி சொன்னா ஆகாதுங்க கவுண்டரே. எனக்கு வேண்டாமுங்க."

"பல்லியத் தொரத்துடா!" என்றார் மாமன்.

நான் அறை அறையாக வேப்பந்தழை மூட்டம் போட்டேன். கொஞ்சம் அதிகமாகப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது. அடுத்து வந்த ஜவுளிக்கடை ரங்கராஜ் கண்ணைத் துடைத்தபடி, "ஏனுங்க, ஊடு வேகுதுங்களா?" என்றார்.

மாமன் அவரைக் கொல்லைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனார். "காத்தைப் பாருங்க, தண்ணியப் பாருங்க!" பார்த்தவர் மயங்கி, அச்சாரம் கொடுக்க மடியை அவிழ்த்தார். அடுப்படி ஜன்னல் பக்கமிருந்து ‘ச்சு ச்சு ச்சு’. மடி மறுபடி முடிச்சானது.

"கிணத்தடிக்கும் கேக்குதே! ஏம் புள்ள, இந்தப் பல்லி என்னய வாழ உடாதா?" என்று மாமன் கத்தினார்.

"நான் என்னத்தக் கண்டனுங்க? மாவாட்டீட்டு இருக்கறனுங்க," என்றார் அத்தை உள்ளிருந்தபடியே.

சகுனமே பார்க்காத ஆளைக் கூட்டி வா என்று மாமன் என்னை விரட்டினார். எனக்குத் தெரிந்த ஒரே ஆள், சுயமரியாதைக் கூட்டங்களில் பேசும் வாத்தியார் நஞ்சுண்டன். மாலையில் வந்தார், பார்த்தார், கேட்ட விலைக்கே சம்மதித்து அச்சாரத்தை நீட்டினார்.

‘ச்சு ச்சு ச்சு.’

வாத்தியார் சிரித்தார். "பல்லிக்கு ஊட்டு வெல தெரியுமுங்களா? புடிங்க."

மாமனின் கை பாதி வழியில் நின்றது.

"நீங்க நம்பாட்டிப் போங்க. நான் நம்பறனுங்களே!"

வாத்தியாரை அனுப்பிவிட்டு மாமன் கதவைச் சாத்தினார். "ஊடு நம்மள உடலீடா. இனி விக்கற பேச்சே இல்ல," என்று துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார்.

நான் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன். பக்கத்து வீட்டு ரங்கம்மாள் பின்கதவு வழியாக வந்து அத்தையின் அருகே குந்தினார்.

"அக்கா, எங்கூட்டுக்காரரும் ஊட்ட விக்கறேன்னு கெளம்பீட்டாருங்க. அந்தப் பல்லிச் சத்தத்த எனக்கும் சொல்லிக் குடுங்க."

நாளை: காலையில் மாமனைக் காப்பி கிளப்புக்கு அழைத்துப் போய், பல்லிப் பாடம் முடியும் வரை அங்கேயே உட்கார வைக்க வேண்டும்.