திராட்சை டிரைவரின் வலது கன்னம்

அண்ணனையும் தம்பியையும் ஒரே முகத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஓட்டிய மனிதர் உலகத்திலேயே எங்கள் திராட்சை டிரைவர் ஒருவர்தான். இடப்பக்கம் பார்த்தால் முப்பது வயது. வலப்பக்கம் பார்த்தால் பேரன் எடுத்தவர் மாதிரி இருப்பார்.

எல்லாம் சூரியன் செய்த வேலை. எழுபதுகளில் நான் தேனியில் சயின்ஸ் வாத்தியார். உத்தமபாளையத்திலிருந்து தினமும் அவர் பஸ்ஸில்தான் போய்வருவேன். காலையில் கம்பத்திலிருந்து வண்டி வடக்கே போகும். வெயில் கிழக்கே, அவருடைய வலது கன்னத்தில். சாயங்காலம் தெற்கே திரும்பும். வெயில் மேற்கே, மறுபடியும் அதே கன்னத்தில். பத்து வருஷமாக இடது கன்னம் நிழலில் சொகுசாக வந்துகொண்டிருந்தது.

வடுகபட்டியில் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் அப்பா இவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்துவிட்டார். "மாப்பிள்ளைக்கு அம்பதுக்குக் கொறையாது" என்று காபி ஆறுமுன் அனுப்பிவிட்டார். மறுநாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே டிரைவர் என்னிடம் ஒரு கண்டுபிடிப்பைச் சொன்னார்.

"சார், திராட்சப் பழம் நாளெல்லாம் வெயில்ல கெடக்கு. உள்ள சத வாடுதா? வாடல. ஏன்? தோலு காக்குது. அந்தத் தோல என் தோலுக்குக் குடுத்தா?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. படித்த எனக்கு இது தோன்றவில்லையே என்று பொறாமைகூட வந்தது. "இன்னைக்கே ஆரம்பிச்சிருங்க" என்றேன்.

கறுப்புத் திராட்சைத் தோலை நல்லெண்ணெய் விட்டு அரைத்து, வலது கன்னத்தில் அப்பிக்கொண்டு வண்டியை எடுத்தார். முதல் வாரம் ஈக்கள் டிக்கெட் இல்லாமல் தேனிவரை வந்தன. அடுத்த வாரம் குளவிகளும் ஏறின. கண்டக்டர் விசிறியும் கையுமாக முன்னாலேயே நின்றார். ஆனால் பஸ்ஸில் கூட்டம் கூடிப்போனது. கன்னத்தின் நிலவரத்தை அறியாமல் ஒருவரும் இறங்குவதில்லை.

"நேத்தைக்கு இன்னைக்கு ஒரு சுருக்கம் கொறஞ்சிருக்கு" என்பாள் தக்காளிக் கூடைக்காரி.

ஆறு மாதத்தில் சுருக்கம் போனதோ என்னவோ, கன்னம் ஊதா நிறமாகிவிட்டது. அப்போது பார்த்துத்தான் சின்னமனூர் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டக்காரர் வீட்டில் பெண் இருப்பதாகச் செய்தி வந்தது.

"இதுவும் தட்டிப்போச்சுன்னா இனிமே கல்யாணப் பேச்சே வேணாம் சார்" என்றார் டிரைவர். பெண் பார்க்க என்னையும் கூட்டிப்போனார். வலப்பக்கம் உட்கார்ந்து கன்னத்தை மறைக்கிற பொறுப்பு எனக்கு. அவர் குனிந்தால் நானும் குனிந்தேன், நிமிர்ந்தால் நிமிர்ந்தேன். காபி கொண்டுவந்த பெண் என்னைச் சுற்றிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"மூஞ்சியில என்னத்தத் தடவியிருக்கீக?"

டிரைவர் ஒன்றையும் ஒளிக்காமல் பழம், வெயில், தோல் என்று முழு ஆராய்ச்சியையும் ஒப்பித்தார்.

"பழம் எங்க வெயில்ல கெடக்கு? பந்தலுக்கு அடியில நெழல்லல்ல தொங்குது. வெயில வாங்குறது மேல இருக்குற எலை. சந்தையில கூடையப் பாத்துட்டு வந்து சொல்றீகளா? இவுக வாத்தியாரு வேற."

டிரைவர் திராட்சை விளையாத ஆண்டிபட்டிக்காரர், கூடையில்தான் பார்த்திருந்தார். நான் புத்தகத்தில் பார்த்திருந்தேன். இருவரும் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "யோசிச்சுச் சொல்றோம்" என்றார் அவள் அப்பா.

நான்காம் நாள் காலை, சின்னமனூரில் பஸ் நின்றதும் அந்த அப்பா டிரைவர் ஜன்னலில் ஒரு துணி மூட்டையை நீட்டினார்.

"மருந்தடிக்காத எலை. அரைச்சுப் பூசச் சொல்லுச்சு புள்ள. கல்யாணத்துக்குள்ள ஊதா போயிரணுமாம்."

ஹாரனில் வைத்த கையை டிரைவர் வீரபாண்டி வரைக்கும் எடுக்கவில்லை. பஸ்ஸே கூத்தாடியது.

திராட்சைத் தோலிலும் இலையிலும் உள்ள சில பொருட்கள் வெயிலால் வரும் மூப்பிலிருந்து தோலைக் காக்குமா என்று இப்போது ஆராய்கிறார்களாம். எங்கள் ஆராய்ச்சி மட்டும் தோற்றுவிட்டது. அவள் இலை அரைத்துப் பூசினாள்தான். ஆனால் பூசும்போதெல்லாம் எதையாவது பேசி அவரைச் சிரிக்கவைத்ததில் இடது கன்னமும் சுருங்கி, இரண்டு பக்கமும் ஒரே வயதாகிவிட்டது. அவ்வளவு அழகான முகத்தை நான் அதற்குப்பிறகு எந்த பஸ்ஸிலும் பார்க்கவில்லை.