ஓடிப் பார்த்த கார்டு

இப்போதெல்லாம் யாரும் ஒரு பொருளைத் தட்டிப் பார்த்து வாங்குவதில்லை. பெட்டிமேல் படம் போட்டிருந்தால் போதும், படத்துக்கே காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். தம்மபாலன் அந்த ரகம் இல்லை. ராபர்ட்சன்பேட்டையில் நோயலின் கம்ப்யூட்டர் கடையில் நின்றுகொண்டு, டேப் பிரிக்காத கிராபிக்ஸ் கார்டுப் பெட்டி ஒன்றைக் காதருகே வைத்துக் குலுக்கினார்.

"தாத்தா, குலுக்காதீங்க. அது இன்னா தேங்காயா?"

"உள்ள சாமான் கீதான்னு பாக்கறேன்."

"கீது. உங்க பேத்தி ஆடற கார் கேமுக்கு இதுவே தாராளம். விலையும் கம்மி. தனியா கரண்டு ஒயர்கூட வேணாம்."

சந்தேகம் அங்கேதான் முளைத்தது. மூடிப்போன தங்கச் சுரங்கத்தில் காலம் முழுக்க உழைத்தவர் அவர். கரண்டு ஒயர் இல்லாமல் இழுக்கிற மிஷினை எங்கேயும் பார்த்ததில்லை.

"ஒத்த ஃபேனு. இது இன்னாத்த இழுக்கும்?"

"வேணும்னா கம்ப்யூட்டர் பொட்டியைக் கொண்டாங்க. அளவு பாத்து, மாட்டி, ஓட்டியே காட்டறேன்."

"பொட்டிய உன் கையில குடுத்தா உள்ள இருக்கற நல்ல சாமானை நீ கழட்டிக்குவே. தெரியாதா எனக்கு?"

நோயல் பெட்டியை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போனான்.

கார்டு வாங்காமல் தீராது. வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த கார்டு தூசியில் எரிந்துபோய்விட்டது என்று போன மாதம் பெட்டியை ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு போய்வந்த மகன் கௌதமன் சொன்னான். அன்றோடு ஞாயிற்றுக்கிழமை செத்தது. வாரம் முழுக்க விடியும் முன்னால் பெங்களூர் ரயிலைப் பிடித்து, இருட்டிய பிறகு வீடு திரும்புகிற மகனும் மருமகளும், காலேஜுக்குப் போகிற பேத்தி தாராவும் ஒன்றாக உட்காருவதே அந்தப் பெட்டிமுன்தான். யாருடைய கார் முந்துகிறது என்று மூன்று பேரும் கத்துவார்கள். தம்மபாலன் பின்னால் உட்கார்ந்து, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று திட்டுவார். இப்போது கார்டு இல்லாமல் திரையில் கார் நொண்டியடித்தது.

"இந்த ஊர்ல எதுவும் ஓடாது" என்றாள் தாரா. "பேசாம பெங்களூருக்கே போயிடலாம்."

மருமகள் கயல்விழி அதற்குத் தலையாட்டினாள். அதுதான் கிழவரைப் பயமுறுத்தியது. பெண்சாதி போய்ச் சேர்ந்துவிட்டாள். இவர்களும் கிளம்பினால் அந்தச் சுரங்கக் குவாட்டர்ஸில் அவரும் பல்லியும்தான். திரையில் கார் ஓடினால் இவர்கள் ஓட மாட்டார்கள் என்று அவர் கணக்குப் போட்டார்.

ஆண்டர்சன்பேட்டையில் பழைய சாமான் விற்கும் ஜோஸிடம் இரண்டு ஃபேன் வைத்த கார்டு கிடைத்தது. கையில் கனத்தது. கனத்த பொருளை நம்பலாம் என்று வாங்கி வந்தார். தாரா போனைப் பார்த்துப் பார்த்து மாட்டப் போனாள்.

"தாத்தா, நீளம் ஜாஸ்தி. உள்ள போகல."

ஜோஸ் திருப்பி எடுக்க மாட்டேன் என்றான். தம்மபாலன் ரம்பத்தை எடுத்து, பெட்டிக்குள் ஹார்ட் டிஸ்க் உட்காரும் தகரத் தட்டை அறுத்தார். இடமில்லாமல் போன ஹார்ட் டிஸ்க்கைச் சணல் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்.

"நைனா, வேணாம், விடுங்க" என்றான் கௌதமன், சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று.

"நீ போய்த் துன்னுட்டுப் படு. ஊட்ல ஒருத்தனாவது பாடுபடணும்."

கார்டு உள்ளே போனது. கேம் தொடங்கியதும் கம்ப்யூட்டர் அணைந்தது. மறுபடி போட்டால் மறுபடி அணைந்தது.

"இதுக்குக் கரண்டு பத்தல, தாத்தா. பவர் சப்ளைய மாத்தணும்."

அதுவும் ஜோஸிடம் இருந்தது. எந்த மிஷினிலிருந்து பிடுங்கினானோ, தூக்கும்போது உள்ளே ஏதோ உருண்டது. இந்தத் தடவை தம்மபாலன் குலுக்கவில்லை. குலுக்கினால் என்ன தெரியவரும் என்று பயந்தார்.

அதை மாட்டியதும் கார் ஓடியது. தாரா கையை நீட்டினாள். அவர் தட்டிவிட்டார்.

"இரு. சுரங்க ஷாஃப்டுல கூண்டை இறக்கற ரோப்பைப் புதுசா மாட்டினா உடனே ஆளை ஏத்த மாட்டாங்க. அந்தக் கூண்டுல கல்ல ஏத்தி, மேலயும் கீழயும் ஓட்டிப் பாத்த பொறவுதான் ஆளு. ஒரு ஷிப்டு முழுக்க ஓடட்டும்."

"தாத்தா, இது கம்ப்யூட்டரு."

"எதுவா இருந்தா இன்னா?"

அன்றைக்குக் காற்று வேறு. காற்று கிளம்பினால், சுரங்கக் கழிவு மலையாய்க் குவிந்து கிடக்கிற சயனைடு மேட்டின் வெள்ளைத் தூள் வீட்டுக்குள் வந்து சோற்றில்கூட உட்காரும். பழைய கார்டைக் குடித்தது அந்தத் தூள்தானே? இதையும் விடக்கூடாது என்று பெட்டியைச் சாக்கால் சுற்றி, மேலே ஒரு போர்வையையும் போர்த்தினார். இரண்டு ஃபேனுக்கும் மூச்சு முட்டியது. ஷிப்டு பாதி போவதற்குள் போர்வைக்குள்ளிருந்து புகை வந்தது.

கயல்விழி சன்னலைத் திறந்துவிட்டாள். "போதும் மாமா" என்றாள். கௌதமன் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

மறுநாள் தம்மபாலன் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு நோயல் கடைப் படியேறினார். நோயல் திறந்து பார்த்தான்.

"இது இன்னா தாத்தா, தூளி கட்டி வெச்சிருக்கீங்க?"

"பாத்து சொல்லு. பொழைக்குமா?"

"பொட்டி பொழைச்சுது. கார்டும் பவர் சப்ளையும்தான் போச்சு. அன்னிக்கே அந்தப் புதுசை எடுத்திருந்தா…"

"டப்பாக்குள்ள தூங்கறது எனக்கு வேணாம். இந்த ஊர்த் தூசியில ஓடிப் பாத்தது இருந்தா குடு."

நோயல் கொஞ்சம் யோசித்துவிட்டு, கண்ணாடி அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய கார்டு ஒன்றை எடுத்தான். அதை மாட்டினான். நல்ல பவர் சப்ளையாக ஒன்றைப் பொருத்தினான். ஹார்ட் டிஸ்க்கைத் தூளியிலிருந்து இறக்கித் திருகினான். கேம் வந்தது. கார் சீறிக்கொண்டு போனது. தம்மபாலன் ஸ்டூலை இழுத்துப் போட்டு, மத்தியானம் வரை அதை ஓடவிட்டுப் பார்த்தார். கார் ஒரு இடத்தில்கூட நொண்டவில்லை. அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்திருந்தது கார்டு.

"இது யாருது?"

"லோக்கல் ஆள்துதான். பெங்களூர்ல வீடு பாத்துட்டாராம். அட்வான்ஸுக்குக் கொறையுதுன்னு வித்துட்டுப் போனாரு. நான் பாக்கல, நம்ம ரிப்பேர் பண்ற ஏனோக்குதான் வாங்கி வெச்சான்."

"இருக்கும். பெத்தவனை இங்க உட்டுட்டு ஓடறவன் கையில எந்தப் பொருள் நிக்கும்? எவன் பெத்த புள்ளையோ. அந்தக் கெழவனுக்குச் சொன்னானோ, அதுவும் இல்லையோ."

சாப்பாட்டுக்குப் போயிருந்த ஏனோக் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தான். மேசைமேல் பெட்டியையும், அதன் பக்கவாட்டில் தாரா ஒட்டிவைத்த மஞ்சள் கார் ஸ்டிக்கரையும் பார்த்து நின்றான்.

"இன்னாண்ணா இது? கௌதமன் சார் வித்த கார்டை, நான் எந்தப் பொட்டியிலேர்ந்து கழட்டினேனோ அதே பொட்டிக்கே மாட்டிகினு இருக்கீங்க?"

நோயல் கிழவரைப் பார்த்தான். திரையில் கார் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

தம்மபாலன் எழுந்து ஒயர்களைப் பிடுங்கினார். காசை மேசைமேல் வைத்துவிட்டு, பெட்டியைத் தோளில் ஏற்றினார்.

"உன் ஏனோக்கு ஆள் மாத்திப் பேசறான். என் மகன் கார்டு எரிஞ்சிபோச்சு. அவன் வாயாலயே சொன்னான்" என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.