அழுவதென்றால் கியூபெக்கில்

கனடாவின் சட்டங்களையெல்லாம் ஒற்றை ஆளாக நின்று காப்பாற்றி வருபவர் எல்லை அக்கா. உளவியலாளர். மொன்றியல், நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு மூன்றாம் மாடியில் அவருடைய அறை. லைசென்ஸ் கியூபெக் மாகாணத்துக்கு மட்டும். அதற்கு அப்பால் யாருக்கும் மனம் என்று ஒன்று இருப்பதாக அவர் ஒப்புக்கொண்டதில்லை.

என் மனைவி இறந்தபின் அவரிடம் போகத் தொடங்கினேன். அந்த அறையில் மட்டும்தான் எனக்கு வாய் திறந்தது. நாலே மாதத்தில் வேலை என்னைப் பக்கத்து மாகாணமான ஒன்ராறியோவுக்கு, கோர்ன்வோல் நகருக்குத் தூக்கிப் போட்டது. அதனாலென்ன, போன் இருக்கிறதே என்று எடுத்தேன்.

"எங்கை நிக்கிறியள்?"

"வீட்டிலை, அக்கா. கோர்ன்வோலிலை."

"அங்கை உங்களோடை கதைக்க எனக்கு லைசென்ஸ் இல்லை. கியூபெக்குக்குள்ளை வந்திட்டு எடுங்கோ."

அன்றுதான் அவருக்கு எல்லை அக்கா என்று பெயர் வைத்தேன். அதன்பிறகு இருபது நிமிடம் காரோட்டி, எல்லை தாண்டிய முதல் பெற்றோல் நிலையத்தில் காருக்குள் இருந்து போனில் அழுவது என் வாராந்தக் கடமையாயிற்று. அங்கே கோப்பி விற்கும் பெண் என்னைக் கண்டதும் டிஷ்யூ பெட்டியை முன்னால் நகர்த்துவாள்.

ஒருநாள் சோம்பலில் வீட்டிலிருந்தே எடுத்து, கியூபெக்கில் நிற்பதாகப் புளுகினேன்.

"கிட்ட இருக்கிற ஸ்டொப் பலகையிலை என்ன எழுதியிருக்கு?"

சன்னலால் எட்டிப் பார்த்து உள்ளபடியே வாசித்தேன். "ஸ்டொப் எண்டு."

"கியூபெக்கிலை அது பிரெஞ்சிலையெல்லோ இருக்கும். வையுங்கோ போனை."

மனைவியின் ஆண்டுத் திவசம் வந்தது. அன்று பார்த்துக் கார் படுத்துவிட்டது. அவரை அழைத்தேன்.

"அக்கா, கார் ஸ்டார்ட் வருதில்லை. எனக்கு ஏலாமக் கிடக்கு."

"விலாசத்தைச் சொல்லுங்கோ."

சொன்னேன். வைத்துவிட்டார். கோப்பில் எழுதிவைக்கத்தான் கேட்டிருக்கிறார் என்று வாய்விட்டுத் திட்டினேன்.

ஒன்றேகால் மணித்தியாலத்தில், மொன்றியலில் இருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடி, வாசலில் அவருடைய கார் நின்றது. ஏறியதுமே தொடங்கினேன்.

"அக்கா, அவள் கடைசியா..."

"உஷ். இது ஒன்ராறியோ. இங்கை முருங்கைக்காய் வாங்கலாமோ?"

வழிநெடுக முருங்கைக்காயே கதைத்தோம். சட்டத்தின் காவலர் அன்று ஓட்டிய வேகத்துக்கு எந்த மாகாணத்திலும் அனுமதி கிடையாது. பெற்றோல் நிலையத்தில் நிறுத்தி, என் பக்கம் திரும்பினார்.

"இனி அழுங்கோ."

அழுதேன், முழுக்க முழுக்கச் சட்டப்படி. எனக்குக் கூடப்பிறந்த அக்கா இல்லை. இருந்திருந்தாலும் அவ்வளவு வேகமாக வந்திருப்பாளோ தெரியாது.