ஈ எழுத்தில் ஒரு வியாதி

இந்த ஞாயிற்றுக்கிழமை என்ன ஆனாலும் பரண் ஏறுவதில்லை என்று அகராதிக்காரர் சபதம் எடுத்துக்கொண்டார். ஆங்கிலம்-தமிழ் அகராதி ஒன்றுக்குப் பிழை திருத்துவது அவர் வேலை. தெருவே அவரை அகராதிக்காரர் என்று மரியாதையாகக் கூப்பிடும். வீட்டில் மட்டும், "என்னங்க, அந்த ஏணியை எடுங்க!" மூன்று வாரம் மூன்று சாக்குச் சொல்லித் தப்பித்தாயிற்று. நான்காவது சாக்கு புரூஃபிலேயே அகப்பட்டது. ஆங்கில ஈ எழுத்து, நாற்பதாம் பக்கம்.

காலையில் ஏணியைப் பார்த்ததும் சோபாவில் சாய்ந்து முனகினார்.

"என்னாச்சுங்க?"

"எர்கோஃபோபியா."

"அய்யய்யோ! அப்படின்னா?"

"உனக்குப் புரியாது. லட்சத்துல ஒருத்தருக்குத்தான் வருமாம். அசையவே கூடாதுன்னுட்டார் டாக்டர்."

"காபி குடிக்கலாமா?"

"நீ கொண்டுவந்து குடுத்தா குடிக்கலாம்."

மனைவி காபி கொடுத்தாள். தலைக்குத் தலையணை வைத்தாள். "பேனாவைக்கூடத் தொடாதீங்க. மிச்ச புரூஃபை நானே பாத்துடறேன்" என்று தாள்கட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். அகராதிக்காரருக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. பதினொரு மணிவரை தூங்கினார், சரியாகிவிட்டது.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டார். பத்து வருஷமாக மூலப்பிரதியை அவர் வாசிக்க, அச்சுத்தாளில் விரல் வைத்துச் சரிபார்ப்பவள் அவள்தான். பாதியில் அவர் குறட்டை விடுவார். மீதியை அவளே முடிப்பாள். ஈ எழுத்தில் அவர் விழித்திருந்ததே நாற்பதாம் பக்கத்துக்கு மட்டும்தான்.

எழுந்து பார்த்தால் மேஜைமேல் அதே பக்கம். 'எர்கோஃபோபியா: வேலை என்றாலே ஏற்படும் அச்சம்.' உதாரண வாக்கியத்துக்கு விட்டிருந்த இடத்தில் சிவப்பு மையில், 'என் கணவருக்கு ஞாயிறுதோறும் எர்கோஃபோபியா வரும்.'

பக்கத்தை உருவிக்கொண்டு மனைவியிடம் ஓடினார்.

"ஏம்மா, இது அச்சாயிடும்! முதலாளி படிப்பார்!"

"படிக்கட்டுமே. நாளைக்குக் காலையில மெஷின் ஏறணுமாம். மூணு மணிக்கு ஆபீஸ் ஆள் வர்றார்."

"அதை அடிச்சுடும்மா!"

"சிவப்புப் பேனா என்கிட்டதான் இருக்கு. பரணைச் சுத்தம் பண்ணிட்டு வாங்க. அடிச்சுடறேன்."

ஏணி ஆடுகிற ஆட்டத்தைக்கூட அவர் கவனிக்கவில்லை. ஓடாத மின்விசிறி, மூடியில்லாத டப்பா பதினேழு, ஜோடி தொலைந்த செருப்பு எல்லாம் இறங்கின. கடைசியில் ஒட்டடையோடு தும்மித் தும்மி அவரும் இறங்கினார். வாசலில் ஆபீஸ் ஆள்.

மனைவி சொன்ன சொல் தவறவில்லை. அவர் கண்ணெதிரே அந்த வாக்கியத்தை அடித்தாள். பக்கத்திலேயே மளமளவென்று ஏதோ எழுதி, தாள்கட்டை ஆபீஸ் ஆளிடம் கொடுத்தாள். வண்டி கிளம்பிவிட்டது.

"இப்ப என்ன எழுதினே?"

"இடத்தைக் காலியா விட்டா உங்க முதலாளி உங்களைத்தானே திட்டுவார்?"

"என்ன எழுதினேன்னு கேட்டேன்!"

"'ஏணியில் ஏற்றியதில் என் கணவரின் எர்கோஃபோபியா நான்கே மணி நேரத்தில் குணமாயிற்று.'"