முதல் வரியில் ஒன்றுமில்லை

வளர்ந்த பிள்ளைக்கு உதவி செய்யக் கிளம்பும் பெற்றோரைத் தடுக்க ஒரு சட்டம் இருக்க வேண்டும். இருந்திருந்தால் எங்கள் குடும்ப மானம் போர்த்துக்கல் வரைக்கும் போயிருக்காது. இதை எழுதும்போதுகூட மூன்று தரம் எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டேன். (இவர் அது இரத்தத்தில் சீனி கூடியதால் என்கிறார். அவருக்கு எல்லாமே சீனிதான்.)

இவர் என்றால் என் கணவர். இதயத்தில் ஒரு சின்னச் சத்திரசிகிச்சை முடிந்து, வெள்ளவத்தையில் எங்கள் நாலாம் மாடி வீட்டில் ஓய்வாக இருந்தார். நாளுக்கு ஏழு மாத்திரை. எதை எப்போது விழுங்குவது என்ற குழப்பம் தீர, மகள் அபி அவருடைய ஃபோனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தாள். நேரத்துக்கு மணியடித்து, தமிழிலேயே நினைவூட்டும். பல நாட்டு ஆட்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து செய்கிற இலவச மென்பொருள் அது. அதன் உள் வேலை முழுவதும் எல்லோரும் பார்க்கத் திறந்தே கிடக்கும். பிழை கண்டவர் திருத்தி அனுப்பலாம். அபி கெம்பஸ் படிப்போடு படிப்பாக அதற்கும் வேலை செய்துகொண்டிருந்தாள்.

அந்தத் தமிழில்தான் வினை இருந்தது. 'டிஸ்மிஸ்' என்ற ஆங்கிலச் சொல்லை எந்த இயந்திரம் மொழிபெயர்த்ததோ, மணியடித்ததும் திரையில் ஒரு கேள்வி வரும்: "இந்த மாத்திரையைப் பணிநீக்கம் செய்யவா?"

"ஒழுங்கா வேலை செய்யிற மாத்திரையை ஏனப்பா நிப்பாட்டுவான்?" என்று இவர் 'இல்லை'யை அழுத்துவார். மணி மறுபடி அடிக்கும். மூன்றாம் நாள் பொறுமை போய் 'ஆம்' என்று அழுத்தினார். மாத்திரை எடுத்தாயிற்று என்று செயலி குறித்துக்கொண்டது; இவரோ பிரஷர் மாத்திரைக்கு வேலை போய்விட்டதென்று அன்றோடு அதை நிறுத்திவிட்டார். நாலு நாள் கழித்து, குறையாத மாத்திரை அட்டையைப் பார்த்து நான்தான் கண்டுபிடித்தேன்.

நான் கொட்டாஞ்சேனையில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாகக் காணி உறுதிப் பத்திரங்களை மொழிபெயர்ப்பவள். அந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கும் பிரஷர் ஏறியது.

"இதை எழுதினவனை எங்கட ஒஃபிசில ஒரு கிழமை இருத்தினால் திருந்திடுவான்," என்றேன்.

"அப்ப நீங்களே திருத்துங்கோவன் அம்மா," என்றாள் அபி.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சரி என்றேன். அன்றே அவள் அந்தக் குழுவின் தலைவி மார்த்தாவுக்கு (போர்த்துக்கல் பெண்) எழுதிவிட்டாள்: என் அம்மா தொழில்முறை மொழிபெயர்ப்பாளர், அடுத்த கிழமை வெள்ளிக்குள் முடித்துத் தருவார், நான் பொறுப்பு. வெள்ளி மாலை ஆறு மணிக்குப் புதிய பதிப்பு வெளியாகிறது. அதற்குள் தமிழ் சரியாக வராவிட்டால், இருப்பது ஆபத்தானது என்று தமிழையே எடுத்துவிடுவார்களாம். அதைவிட ஒன்று: அபி ஒரு நிறுவனத்தில் பயிற்சி வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். அதற்கான பரிந்துரைக் கடிதத்தை மார்த்தாதான் எழுதித் தர வேண்டும்.

"என்ர பேர் உங்கட கையிலதான் இருக்கு, என்ன?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் நித்திரை போயிற்று.

முந்நூற்றுச் சொச்ச வாக்கியங்களை ஒரு கிழமையில் கையால் மொழிபெயர்த்து முடித்தேன். அது எனக்கு வெற்றிலை மெல்லுகிற மாதிரி. அதற்குப் பிறகுதான் தெரிந்தது, எழுதினால் மட்டும் போதாதென்று. அந்த மென்பொருளை முதலில் என் கணினியிலேயே கட்டி எழுப்ப வேண்டும். பிறகு என் தமிழை அதற்குள் போட்டு, மறுபடி கட்டி, ஓடுகிறதா என்று பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். கட்டுவதற்கு 'பில்ட்' என்று பெயர். அபி தன் பழைய லப்டொப்பைத் தந்து, பதினான்கு படிகள் சொன்னாள். ஒரு புதுக் கொப்பி எடுத்து, பிள்ளையார் சுழி போட்டு, திகதி இட்டு, சிவப்புக் கோடடித்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். வியாழனும் வெள்ளியும் அலுவலகத்தில் லீவு போட்டேன்.

வியாழன் காலை மூன்றாம் படியிலேயே விழுந்தேன். ஒரு கறுப்புத் திரையில் கட்டளை அடித்ததும் அது கடவுச்சொல் கேட்டது. அடித்தேன். திரையில் ஓர் எழுத்தும் விழவில்லை. நட்சத்திரம், புள்ளி, ஒன்றுமில்லை. கீபோர்டைத் தட்டினேன், கவிழ்த்துக் குலுக்கினேன், தூசு ஊதினேன். கடல் காற்றில் எங்கள் வீட்டில் ஜன்னல் கொண்டியே துருப்பிடித்து உதிரும், கீபோர்ட் எம்மாத்திரம்? லப்டொப்பைத் துவாயில் சுற்றிக்கொண்டு காலி வீதியில் நஸீர் நானாவின் கணினிக் கடைக்கு ஓடினேன்.

அவர் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"கீபோர்ட் நல்லாத்தான் ஈக்கி, மெடம்."

"ஒண்டும் விழேல்லையே!"

"விழுகுது. ஒங்களுக்குக் காட்டாது. பக்கத்துல நிக்கிறவன் எத்தின எழுத்துண்டு எண்ணிருவான்தானே? அதுக்காக மறைச்சி வெச்சீக்கி. கண்ண மூடிட்டு அடிங்க."

கடை நடுவில் நின்று கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். (உண்மையாகவே மூடினேன். அவர் அதை ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார் என்று பிறகுதான் விளங்கியது.) திரை திறந்தது. காசு வாங்க மாட்டேன் என்றார். அவர் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டுக்கு நானே ஏதாவது கொடுத்திருக்க வேண்டும்.

ஏழாம் படி இன்னொரு கூத்து. இந்த மென்பொருள் ஓட வேறு நாற்பது மென்பொருள்கள் வேண்டுமாம். அந்த நாற்பதுக்கும் தனித்தனியே கூட்டாளிகள் வேண்டுமாம். கலியாணத்துக்கு ஓர் ஆளுக்கு அழைப்பிதழ் கொடுத்தால், அவருடைய சம்பந்தி வீட்டாரும் வேனில் வந்து இறங்குவார்களே, அதேதான். டேட்டா கரைந்தது. இவர் கிரிக்கெட் பார்க்க முடியாமல் ஹோலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். (டொக்டர் நடக்கச் சொல்லித்தான் இருந்தார்.) பின்னேரம் ஐந்து மணிக்குத் திரையில் பச்சை எழுத்து வந்தது. பழைய தமிழோடு மென்பொருள் என் கணினியில் ஓடியது. வத்தளையில் இருக்கும் தங்கச்சிக்கு உடனே ஃபோன் எடுத்தேன்.

"நான் ஒரு மென்பொருள் கட்டிப்போட்டன்!"

"இனி அத்தானையும் வேலைக்கு வைச்சுக் கம்பனி திறக்கலாம்," என்றாள். அவளுக்கு எப்போதும் பொறாமை.

வெள்ளிக்கிழமை. அபிக்குக் கெம்பஸில் இறுதித் திட்ட விளக்கம். நாள் முழுக்க அங்கேதான். இடைவேளையில் மட்டும் ஃபோன் எடுப்பாள். பத்தரைக்குச் சமையலை முடித்துவிட்டு லப்டொப்பின் முன்னால் இருந்தேன். வெள்ளியில் பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம். மகளின் எதிர்காலத்தை ராகு காலத்திலா தொடங்குவது? ஒன்றரை மணித்தியாலம் கை கட்டி, மூடிய லப்டொப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

"ஆறு மணிக்குத்தானே முடியுது. இப்பவே தொடங்குமன்," என்றார் இவர்.

"நீங்க உங்கட மாத்திரையைப் பாருங்கோ."

பன்னிரண்டு மணி ஒரு நிமிடத்துக்குத் தமிழ்க் கோப்பைத் திறந்தேன். உச்சிக்குப் போய், முறைப்படி தொடங்கி, மொழிபெயர்ப்பு எழுதிய கொப்பியைப் பார்த்து வரிசையாக அடித்தேன். 'பணிநீக்கம்' இருந்த இடத்தில் "மாத்திரை எடுத்துவிட்டீர்களா?" என்று போட்டபோது ஒரு கொடியை ஏற்றிய பெருமிதம். இரண்டே முக்காலுக்கு முடிந்தது. பில்ட் கட்டளையை அடித்தேன்.

சிவப்பு. முதலாம் வரியில் பிழை என்று ஆங்கிலத்தில் சொன்னது.

முதலாம் வரியைப் பார்த்தேன். பிழை எதுவும் இல்லை. மறுபடி கட்டினேன், மறுபடி சிவப்பு. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். கணினியை நிறுத்தி, பத்து வரை எண்ணி, போட்டேன். முதலாம் வரியில் பிழை. மூன்றரைக்கு அபி அகப்பட்டாள்.

"அம்மா, டைம் இல்லை, கெதியாச் சொல்லுங்கோ. முதல் வரியில என்ன இருக்கு?"

"ஒண்டுமில்லை பிள்ளை."

"ஒண்டுமே இல்லையா?"

"வழமையானதுதான். எழுத்தெழுத்தாப் பார்த்திட்டன்."

"அப்ப இன்ஸ்டோல் பண்ணினதில பிழை. குழுவின்ர பக்கத்தில எழுதிக் கேளுங்கோ, உதவி செய்வினம். கோப்பையும் போட்டு விடுங்கோ. என்னைக் கூப்பிடுகினம்..."

ஃபோன் நின்றது. அங்கே அவள் மேடையேறுகிறாள். இங்கே நான் அவளுடைய பெயரைக் குழிதோண்டிப் புதைத்துக்கொண்டிருக்கிறேன். கொப்பியைத் திறந்து முதலாம் படியிலிருந்து, என் தமிழ்க் கோப்பைத் தவிர, எல்லாவற்றையும் அழித்து மறுபடி போட்டேன். நாற்பது விருந்தாளிகளும் அவர்களுடைய சம்பந்திகளும் மறுபடி வந்து இறங்கினார்கள். ஐந்து மணி. சிவப்பு.

குழுவின் பொதுப் பக்கத்தில் எழுதினேன். சட்டத்தரணி ஐயாவின் அலுவலகத்தில் பழகிய ஆங்கிலம்: மதிப்புக்குரிய ஐயா, அம்மணி, கீழே கையொப்பமிடும் நான் பணிவுடன் அறியத்தருவது யாதெனில். கோப்பையும் இணைத்தேன். சில நிமிடத்திலேயே உலகம் கூடிவிட்டது. ஒருவர் என் கணினியின் வயதைக் கேட்டார். இன்னொருவர் ஒரு கட்டளை தந்தார். மார்த்தாவே வந்து, இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது, பதற வேண்டாம் என்றார். நான் பதறினேன். பிரேசிலிலிருந்து தியாகோ என்று ஒருவர் கேட்டார்: "மன்னிக்கவும், உங்கள் கடிதத்தின் தலையில் ஓர் எழுத்துத் தனியே நிற்கிறது. கோப்பின் முதல் வரியிலும் அதே எழுத்து. அது என்ன?"

பார்த்தேன்.

உ.

பிள்ளையார் சுழி. காணி உறுதி, மரக்கறிப் பட்டியல், லீவுக் கடிதம், அபியின் பள்ளிக்கூட மன்னிப்புக் கடிதங்கள் என்று எதை எழுதினாலும் மேலே போட்டுப் போட்டு, அது என் கண்ணுக்குத் தெரிவதே நின்றுபோயிருந்தது. மூக்கின் மேலிருக்கும் கண்ணாடியைத் தேடுகிறவளின் நிலைமை. முதல் வரியில் ஒன்றுமில்லை என்று நான் சொன்னது பொய்யே இல்லை.

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே. உலகத்தார் பார்க்க விளக்கினேன்: இது யானை முகமுள்ள எங்கள் கடவுளுக்கான குறி. தடைகளை நீக்குபவர். ஆகையால் எதையும் அவரை வைத்தே தொடங்குவோம்.

தியாகோ எழுதினார்: "நன்றி, அம்மணி. ஆனால் இந்தக் கோப்பில் இருக்கும் ஒரே தடை அவர்தான். அழித்துவிடுங்கள்."

அழிப்பதா? விரல் அந்த விசைக்கு மேலேயே நின்றது. பிள்ளையார் சுழியைப் போட்டுத்தான் பழக்கம்; ஐம்பது வயது வரை ஒருநாளும் அழித்ததில்லை. அதுவும் இவர் நெஞ்சில் தையல் காயாத நேரத்தில்.

"இஞ்சேருங்கோ, அழிக்கட்டுமா?" என்று கத்தினேன்.

"என்னைக் கேக்காதேயும், எனக்குப் பிரஷர்," என்றார் ஹோலில் இருந்து.

ஐந்து முப்பத்தைந்து. வெட்கத்தை விட்டு உண்மையை எழுதினேன்: அழிக்க எனக்குப் பயமாக இருக்கிறது. பிறகு மார்த்தா எழுதினார்: "அழிக்க வேண்டாம். அதற்கு முன்னால் # என்ற குறியைப் போடுங்கள். அந்தக் குறி உள்ள வரியை இயந்திரம் வாசிக்காது. அது மனிதருக்கு மட்டும்."

போட்டேன். கட்டினேன். பச்சை.

ஐந்து நாற்பத்தொன்றுக்குக் கோப்பு போய்ச் சேர்ந்தது. ஐந்து ஐம்பதுக்குத் தமிழ், புதிய பதிப்பில் ஏறியது. ஏழு மணிக்கு அபி, ஃபோனிலிருந்து கண்ணெடுக்காமல் வாசித்தபடியே வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

"அம்மா... நீங்க முழு உலகத்துக்கும் பிள்ளையாரை விளங்கப்படுத்தியிருக்கிறீங்கள்."

"கேட்டவை, பிள்ளை."

"கீழே கையொப்பமிடும் நானா?"

"மரியாதை வேணுமெல்லோ."

அவள் சுவரில் சாய்ந்து, அப்படியே தரையில் இருந்துவிட்டாள். அழுகிறாளோ என்று ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

பரிந்துரைக் கடிதம் வந்தது. அபியின் திறமையை ஒரு பக்கம் புகழ்ந்துவிட்டு, இப்படிப்பட்ட தாயிடம் வளர்ந்தவர் முதல் வரியைக் கவனிக்கத் தவற மாட்டார் என்று மார்த்தா முடித்திருந்தார். புதிதாகச் சேர்பவர்களுக்கான பதினான்கு படிகள் இப்போது பதினைந்து: உங்கள் வழக்கப்படி ஏதாவது குறியிட்டுத் தொடங்க விரும்பினால், தாராளமாக, முன்னால் # போட மறக்க வேண்டாம்.

வீட்டில் என்ன பழுதானாலும் இன்றுவரை எனக்கு ஒரே வைத்தியம்தான். லிஃப்ட் நின்றாலும், தண்ணீர் மோட்டார் இரைந்தாலும், "முதல் வரியைப் பாருமப்பா," என்பார் இவர், ஏழாவது மாத்திரையை விழுங்கியபடி. தங்கச்சி வத்தளையிலிருந்து வரும்போதெல்லாம் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கீபோர்ட் அடித்துக் காட்டிவிட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பாள்.

அபி பயிற்சி வேலைக்குச் சேர்ந்த அன்று, தான் எழுதிய முதல் கோப்பைப் படமெடுத்து அனுப்பினாள். எனக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை, முதல் வரியைத் தவிர. # போட்டு, பக்கத்தில் உ.

"பகிடிக்குத்தான் அம்மா," என்று கீழே எழுதியிருந்தாள்.

பில்ட் என்ன நிறம் என்று மட்டும் கேட்டேன். பச்சையாம்.