ஏழு மல்லிகாக்கள்

பதில் வராவிட்டால் திரும்பத் திரும்பக் கேட்பது என் பிறவிக் குணம். அதை அப்படியே ஒரு புரோகிராமாக எழுதி, குடவாசல் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியின் தலையில் கட்டியவள் நான்.

ரத்தப் பரிசோதனை முகாமுக்கு வந்தவர்களின் விவரங்களைப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கிளவுடுக்கு ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றும் போனதும் ‘வந்து சேர்ந்தது’ என்று அங்கிருந்து பதில் வரும். எங்கள் ஊர் நெட்வொர்க் அந்தப் பதிலை வழியிலேயே விழுங்கிவிடும். பதில் வரவில்லையா, மறுபடி அனுப்பு, ஏழு தடவை வரை விடாதே என்று எழுதினேன். (என்னை நானே மெச்சிக்கொண்டு டீ வேறு குடித்தேன்.) விவரம் முதல் தடவையே போய்விட்டது, பதில்தான் தொலைந்தது என்பது என் மூளைக்கு எட்டவில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் ‘மருத்துவமனையை அணுகவும்’ என்று நோயாளிக்கு மெசேஜ் போகும் என்பதும்தான்.

காலை பத்து மணிக்கு எங்கள் வயலிலிருந்து அப்பா போனில் அலறினார்.

“நடவாளுங்க அத்தன பேரும் ஆஸ்பத்திரிக்கு ஓடுறாங்கம்மா! பறிச்ச நாத்து வெயில்ல கிடக்கு. இன்னைக்கு நடலன்னா அவ்வளவுதான்!”

அவர் முடிப்பதற்குள் நான் இருந்த ஆஸ்பத்திரியின் வாசலில் லோடு ஆட்டோ நின்றது. சேற்றுக் காலோடு முதலில் இறங்கியவர் எங்கள் வயலில் நடவு நடும் மல்லிகாக்கா.

“ஒரு தடவ வந்தா விட்ருவேன் பாப்பா. ஏழு தடவ கூப்பிடுறாங்களே, எனக்கு என்னமோ பெருசா வந்துருக்கா?”

அவர் கண் கலங்கியதும் நர்ஸிடம் அவர் பதிவைத் திறக்கச் சொன்னேன். நர்ஸ் பார்த்தார். திரையில் ஏழு மல்லிகாக்கள், ஏழு பேருக்கும் எல்லாம் நார்மல்.

“தப்பு என்னோடதுக்கா” என்று விளக்கினேன். மல்லிகாக்கா முறைத்துவிட்டுச் சிரித்தார்.

“நட்ட வயல்லயே ஏழு தடவ நட்டுருக்கியே! பாத்து நடத் தெரியாதா? வா, நீயும் வயல்ல இறங்கு.”

இறங்கினேன். பொழுது சாய்வதற்குள் கடைசி நாற்றும் மண்ணைப் பிடித்தது. (கோணலாக நின்றதெல்லாம் என்னுடையது.) சேறு காயுமுன் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி புரோகிராமைத் திருத்தினேன். ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு தனி எண். அந்த எண் ஏற்கெனவே அங்கிருந்தால் மறுபடி பதியாதே, ‘வந்துவிட்டது’ என்று மட்டும் சொல். மெசேஜை நிறுத்தி, பழைய பதிவுகளை அழித்துவிட்டு ஓடவிட்டேன். நெட்வொர்க் நாலு தடவை அறுந்தது. ஆனால் திரையில் ஒரே ஒரு மல்லிகா! ஆஸ்பத்திரி என்றும் பாராமல் கத்தியே விட்டேன்.

பிறகு என் கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் கூட்டத்திலிருந்து மல்லிகாக்காவின் குரல் வந்தது.

“ஒரு தடவ கட்டினா போதும் மாப்ள! அவ பதில் சொல்லலன்னா மறுபடி கட்டிடாதீங்க!”

கதையை அன்றே விசாரித்துத் தெரிந்துகொண்ட மனிதர், இன்றுவரை நான் கூப்பிட்டால் ஏழாவது தடவைதான் திரும்பிப் பார்க்கிறார்.