நாரைகளைத் தோற்கடித்த பெர்னிஸ்

உங்கள் அணி தோற்றால் யார்மீது பழி போடுவீர்கள்? பந்தை நழுவவிட்டவன்மீதா, இல்லை, அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்க எழுந்துபோன மச்சினன்மீதா? உடனே பதில் சொல்ல வேண்டாம். முதலில் நார்பர்ட் ஜப்லோன்ஸ்கியைப் பாருங்கள்.

சோபாவில் சாய்ந்தபடியே மைதானத்தை ஆட்டிப்படைக்கும் ரசிகர் என்றொரு இனம் உண்டு. அமெரிக்காவில், எங்கள் பஃபலோ நகரில், அது கொஞ்சம் அதிகமாகவே விளைகிறது. ஏப்ரலில் பேஸ்பால் தொடங்கியதும் நார்பர்ட், எங்கள் ஊர் அணியான நாரைகள் கோப்பை வாங்கிய வருடத்திலிருந்து துவைக்காத தொப்பியைத் தலையில் கவிழ்த்து, நம்மவர்கள் மட்டை பிடிக்கும்போது இடது காலை மேசைமேல் நீட்டி, எதிரணி பிடிக்கும்போது மடக்கி, பீர் டப்பாவின் முகம் தொலைக்காட்சியைப் பார்க்கும்படி திருப்பிவைத்து, பின்தங்கினால் தொப்பியை உள்வெளியாகப் புரட்டிப் போட்டு, கடைசி இன்னிங்ஸில் மனைவி லொரெயின் இருமக்கூடக் கூடாது என்று உத்தரவும் போட்டுவிட்டுத்தான் மூச்சு விடுவார்.

படிக்காதவரா? முப்பது வருடம் மின்கம்பம் ஏறியவர். அங்கே தொப்பியைப் புரட்டிப் போட்டுவிட்டா ஏறினார்? ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டுதான் ஏறினார். உயிர் தன்னுடையது என்றால் எல்லோருக்கும் புத்தி வேலை செய்கிறது.

மே மாதம் அந்த விபரீதம் நடந்தது. நார்பர்ட்டின் அண்ணன் ரே இறந்து இரண்டு வருடம். அவர் மனைவி பெர்னிஸ் அதே வீட்டின் மாடியில் தனியாகக் குடியிருந்தாள். ஆட்டம் உள்ள நாட்களில் ஒரு கிண்ணம் சோளப்பொரியோடு கீழே வருவாள். ரே போனபிறகு அவளுக்கு மனிதர்களோடு பேசிச் சிரிக்கக் கிடைத்த இடம் அந்த அறை ஒன்றுதான்.

அன்று நாரைகளின் இளம் பந்துவீச்சாளன் எதிரணியை ஒரு முறைகூட அடிக்க விடவில்லை. ஒன்பது இன்னிங்ஸும் அப்படியே முடிந்தால் பெரிய சாதனை. அது நடந்துகொண்டிருக்கும்போது வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது இங்கே எழுதாத சட்டம். அறையே வாயைப் பொத்திக்கொண்டிருந்தது.

"ஏழு இன்னிங்ஸ் ஆச்சு. இந்தப் பையன் இன்னும் ஒரு ஹிட்டுகூட விடலையே, கவனிச்சீங்களா?" என்றாள் பெர்னிஸ்.

அடுத்த பந்து வேலியில் போய் மோதியது.

"பெர்னிஸ்! வாயத் தொறந்துட்டியே!"

"நான் இங்க பேசினது அவனுக்கு எப்படி நார்ப் கேக்கும்?"

"அவனுக்குக் கேக்க வேணாம். பந்துக்குக் கேட்டிருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. "கொஞ்ச நாளைக்கு நீ மாடியிலயே பாரேன்" என்றார் நார்பர்ட், பெருந்தன்மையாக. பெர்னிஸ் சோளப்பொரிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு படியேறினாள்.

நாரைகள் அதற்கப்புறம்தான் வரிசையாகத் தோற்கத் தொடங்கின. பகுத்தறிவுள்ளவன் என்ன முடிவுக்கு வருவான்? பெர்னிஸுக்கும் பந்துக்கும் சம்பந்தமில்லை என்று. நார்பர்ட் வந்த முடிவு வேறு: அவள் மாடியில் பார்க்கிறாள், அதுதான் கோளாறு. துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டி, "டி.வி.யை அணை!" என்று கத்தினார். மாடியில் சத்தம் நின்றது. வீடு அவர் பெயரில் இருந்தது.

செப்டம்பரில் கடைசி ஆட்டம் வந்தபோது நாரைகள் பட்டியலின் அடியில் கிடந்தன. பக்கத்து வீட்டு ராக்கோ, "இப்ப என்னதான் பண்ணணும்ங்கிற?" என்று கேட்டான். நார்பர்ட் இதற்காகவே காத்திருந்தவர்.

"மானேஜரைத் தூக்கணும். மூணாம் பேஸ்ல காவல் நிக்கிறானே, அந்தக் கட்டையை வேற ஊருக்கு அனுப்பணும். மைதானத்துத் தீனிக் கடையில கடுகுச் சாஸை மாத்தினாங்க பாரு, அன்னிக்கே தரித்திரம் புடிச்சுது. எல்லாத்துக்கும் மேல, பெர்னிஸ் அடுத்த வருஷம் ஆட்ட நேரத்துல அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிடணும்."

"நல்லா பந்து வீசின ரெண்டு பேரையும் ஜூலைல வித்தது டீம் முதலாளிதானே? டிக்கெட் விலையை ஏத்தினதும் அந்த ஆளுதானே?"

"அவரும் நாலு காசு பாக்க வேணாமா? பாவம்."

கேட்டீர்களா? ஆட்டக்காரர்களைச் சந்தை மாடு மாதிரி விற்ற கோடீஸ்வரர் பாவம். அணைத்த தொலைக்காட்சிக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கிறவள் தரித்திரம்.

லொரெயின் மேசையிலிருந்த பொரித்த கோழி இறக்கைத் தட்டைத் தூக்கினாள்.

"எங்க போற?"

"மாடிக்கு. அங்க இருமலாம்."

ராக்கோ ஒரு நிமிடம் தட்டையும் நார்பர்ட்டையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தட்டின் பின்னால் போனான்.

நார்பர்ட் தனியாக இரண்டு இன்னிங்ஸ் தாக்குப்பிடித்தார். மேலே மறுபடி போட்ட டி.வி. சத்தமும் சிரிப்பும் காலுதைப்பும் கேட்டன. பசியும் எடுத்தது. படியேறி அவர் கதவைத் தள்ளிய கணம், மூன்றாம் பேஸில் நிற்கும் அதே 'கட்டை' ஆட்டக்காரன் அடித்த பந்து பார்வையாளர் கூட்டத்துக்குள் பறந்தது. நாரைகள் ஜெயித்தன.

"நகராதீங்க!" என்று அலறினார் நார்பர்ட். "அப்படியே இருங்க! பெர்னிஸ், அடுத்த வருஷம் பூரா நீ இதே நாற்காலி, இதே சட்டை. துவைச்சுடாத. கீழ மட்டும் வந்துடாத, புண்ணியமாப் போகும்!"

பெர்னிஸ் எலும்பைத் தட்டில் வைத்துவிட்டு நிதானமாக விரலைத் துடைத்தாள்.

"தோத்தாலும் நான்தான், ஜெயிச்சாலும் நான்தானா? அப்ப அந்த மானேஜர் சம்பளத்த எனக்கு அனுப்பச் சொல்லு, நார்ப். இல்லன்னா ஏப்ரல்ல நான் கீழதான் வருவேன். வாய்க்கு வந்ததப் பேசுவேன்."

நார்பர்ட் தீவிரமாக யோசித்தார். "பேசு. ஏழாவது இன்னிங்ஸ் வரைக்கும் மட்டும்..."

லொரெயின் கோழி இறக்கைத் தட்டை அவர் கைக்கு எட்டாத தூரத்துக்கு நகர்த்தினாள்.

சிரிக்கிறீர்களா? கடைசி ஓவரில் யாரும் இடம் மாறக் கூடாது என்று போன மாதம் வீட்டில் உத்தரவு போட்டது யார்? அதையாவது விளையாட்டு என்று விடலாம். கல்யாண மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் நின்று வந்த அட்சதைத் தட்டு, கணவனை இழந்த ஓர் அக்காவையோ சித்தியையோ பார்க்காததுபோல் தாண்டிப் போனதே, அப்போது நீங்கள் எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள்? தட்டை நிறுத்தினீர்களா?

அந்த அக்கா இப்போதும் ஏதோ ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, நீங்கள் எல்லோரும் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். எழுந்து போய்க் கதவைத் தட்டுங்கள். கூட்டி வந்து முன்வரிசையில் உட்கார வையுங்கள். நார்பர்ட்டைப் பார்த்து அப்புறம் சிரிக்கலாம்.